கேசிங்குக்குள் ஒடிந்த போல்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் 100 சிசி பைக்குக்கு 12 வயது. கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்றிவிட்டு கவரை மூடி முடுக்கும்போது, கீழ்ப்பக்கத்து எம்6 போல்ட் டக்கென்று ஒடிந்து தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிட்டது. மீதி இன்ஜின் கேசிங்குக்குள் (இன்ஜினின் அலுமினியக் கூடு) நிற்கிறது. ஈஸி அவுட் (ஒடிந்த துண்டில் துளை போட்டு, அதற்குள் இடப்பக்கமாகத் திருகித் துண்டை வெளியே எடுக்கும் கருவி) வாங்கிக் கழற்று என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கேசிங்கையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். ஒரு போல்ட் இல்லாட்டி ஒன்றும் ஆகாது, பேஸ்ட் தடவி ஓட்டு என்கிறான் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மூன்று பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே நல்ல சேதி ஒன்று இருக்கிறது. போல்ட் ஒடிந்தது முடுக்கும்போது, கழற்றும்போது இல்லை. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றப்போய் ஒடிந்தால் உள்ளே நிற்கும் துண்டு மரையோடு மரையாக ஒட்டிப்போயிருக்கும், லேசில் அசையாது. முடுக்கும்போது ஒடிந்தது அப்படி இல்லை. போல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்ததே தலைக்கும் மரைக்கும் நடுவில் இருந்த இழுவைதான், தலை போனதும் அதுவும் போய்விடும், துண்டு பெரும்பாலும் லூஸாகத்தான் நிற்கும்.

அதனால் மற்ற போல்ட்டுகளை எடுத்து கவரை மறுபடி கழற்றுங்கள். துண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் லாக்கிங் பிளையரால் பிடித்து இடப்பக்கம் திருப்பினாலே வந்துவிடும். மட்டமாக ஒடிந்திருந்தால் கூரான சென்டர் பஞ்சை (இரும்பில் புள்ளி குத்தும் உளி போன்ற கருவி) துண்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழலும் பக்கமாக சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்காதீர்கள். டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால், பஞ்ச் பதிந்த பளபளப்பான புள்ளி கடிகார முள் பின்னோக்கிப் போவதுபோல மெல்ல நகர்வது தெரியும். அது நகர்ந்துவிட்டால் அப்புறம் விரல் நுனியிலேயே சுற்றி எடுத்துவிடலாம்.

ஈஸி அவுட்டை எம்6 போல்ட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போல்ட்டே 6 மில்லிமீட்டர், அதன் நடுவில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அதற்குள் போகிற ஈஸி அவுட் பென்சில் முனை மாதிரிதான் இருக்கும். எனக்கே அது உள்ளே ஒடிந்திருக்கிறது. அது கடினப்படுத்திய இரும்பு, சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கி, பக்கத்தில் இருக்கிற மெத்தென்ற அலுமினியத்தைத்தான் தின்னும். கடைசியில் லேத் பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். பஞ்சுக்கு அசையாவிட்டால் நீங்களும் நேராக லேத் பட்டறைக்கே போய்விடுங்கள். அவர்கள் நடு பிசகாமல் டிரில் போட்டு, மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் வைத்துத் தருவார்கள். அது எஃகுக் கம்பிச் சுருள், பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும். டிரில் ஓடும்போது சுற்றியுள்ள திறப்புகளில் எல்லாம் துணி அடைக்கச் சொல்லுங்கள், பிட்டில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், ஏனென்றால் அலுமினியத் தூளைக் காந்தம் இழுக்காது, அது ஆயிலில் கலந்தால் பேரிங்குக்குக் கேடு.

கேசிங்கை மாற்றுவது கடைசி வழி. முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டும், அதோடு மாற்றுகிற பாதியில்தான் இன்ஜின் நம்பர் பொறித்திருக்கிறது என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யையும் திருத்த வேண்டிவரும். தம்பி சொன்னது வேண்டவே வேண்டாம். இந்த வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் சேர்த்தே சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான், அதுவும் கசிவது கீழ்ப்பக்கம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏன் ஒடிந்தது? கிளட்ச் கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் அடி முட்டி நின்றுவிடும், நாம் இன்னும் இறுகவில்லை என்று நினைத்து முடுக்கிக்கொண்டே இருப்போம். துளைக்குள் ஆயில் தேங்கியிருந்தாலும் இதே கதைதான். அடுத்த தடவை ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றுகிற போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். எம்6 போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது 10 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ தொங்குகிற அளவு. நீளக் கைப்பிடி ராட்செட்டில் அது எப்போது தாண்டியது என்று கைக்கே தெரியாது.

கேள்வி: சைலன்சர் நட்டைக் கழற்றும்போது இன்ஜின் ஹெட்டில் உள்ள ஸ்டட் (தலை இல்லாத, மரை போட்ட கம்பி) ஒடிந்துவிட்டது, 1 சென்டிமீட்டர் வெளியே தெரிகிறது. பஞ்சால் தட்டலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். இது சூட்டிலும் துருவிலும் இறுகிப்போன ஸ்டட், மேலே சொன்ன வகை இல்லை. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறமும் அசையாவிட்டால் வெல்டிங் பட்டறையில் ஸ்டட்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் அடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி விட்டுப்போகும், கொஞ்சம் ஆறியதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்தே எடுக்க வேண்டும், ஒரேயடியாகத் திருகினால் மறுபடி ஒடியும். அதற்கு முன்னால் பெட்ரோல் டேங்கை இறக்கி தூர வைத்துவிடுங்கள், பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள். புது ஸ்டட்டுக்குக் காப்பர் கிரீஸ் தடவிப் போடுங்கள்.