விண்டோஸ் சர்வர் 2025-ல் என்ன புதுசு? 2012 ஆர்2-லிருந்து நேராக மாறலாமா?

கேள்வியில் இருக்கும் நிலவரம் இது: மதுரை தெற்கு மாசி வீதியில் மொத்த ஜவுளிக் கடை, 14 கணினிகள், மாடிப்படிக்குக் கீழே பழைய டவர் சர்வர் ஒன்று. அதில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. டொமைன் லாகின், டாலி டேட்டா, ஷேர் ஃபோல்டர் எல்லாம் அந்த ஒரே பெட்டியில். ராத்திரி பேக்கப் ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டிய ஸ்டோரேஜ்) பெட்டிக்குப் போகிறது. ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்வதை ஷேர் ஃபோல்டரில் போடுகிறது. கப்பலூர் குடோனிலிருந்து வி.பி.என். (இணையம் வழியான பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக வருகிறார்கள்.

மாறத்தான் வேண்டும். 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-லேயே முடிந்துவிட்டது. காசு கட்டி வாங்கும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13-க்கு மேல் கிடையாது. ஆனால் நீங்கள் சொல்லும் அமைப்பில் நேராக மாற முடியாது. புதிய வசதிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

2025 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. அதில் அதிகம் பேசப்பட்டது "நான்கு பதிப்பு தாண்டி ஏறலாம்" என்பது. 2012 ஆர்2 மேலேயே 2025-ன் செட்டப்பை ஓட்டலாம், ஃபைல்களும் செட்டிங்குகளும் அப்படியே இருக்கும். வெறும் ஃபைல் சர்வருக்கு இது உண்மைதான். உங்கள் பெட்டி டொமைன் கன்ட்ரோலரும்கூட, அதாவது எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர். 2025-ஐ டொமைன் கன்ட்ரோலராக்க வேண்டுமானால் டொமைனின் ஃபங்ஷனல் லெவல் (எந்தப் பதிப்பின் வசதிகள் வரை டொமைன் இயங்குகிறது என்ற அளவு) குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 கன்ட்ரோலர் ஒன்று இருந்தால்கூட லெவலை 2016-க்கு உயர்த்த முடியாது. ஆக, பழைய கன்ட்ரோலரை இறக்காமல் 2025 கன்ட்ரோலர் ஏறாது. நடுவில் ஒரு படி தேவை.

அந்தப் படிக்கு சர்வர் 2022 போதும். 2022-ஐ ஒரு விர்ச்சுவல் மெஷினில் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிறுவி, டொமைனில் சேர்த்து, கன்ட்ரோலராக ப்ரமோட் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோலர் மட்டுமே வகிக்கக்கூடிய ஐந்து ஃப்ஸ்மோ பொறுப்புகளையும் அதற்கு மாற்றுங்கள். டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்வது), டிஹெச்சிபி (கணினிகளுக்கு ஐபி கொடுப்பது) இரண்டும் அங்கே வந்துவிட்டதா, 14 கணினிகளும் புது டிஎன்எஸ் ஐபியைத்தான் பார்க்கின்றனவா என்று உறுதி செய்த பிறகுதான் பழைய பெட்டியை டிமோட் செய்ய (கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்க) வேண்டும். பிறகு லெவலை 2016-க்கு உயர்த்தலாம். 2003 காலத்தில் தொடங்கிய டொமைனாக இருந்தால் சிஸ்வால் (கன்ட்ரோலர்கள் பாலிசிகளைப் பகிரும் ஃபோல்டர்) இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய நகலெடுப்பு முறையிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அதை டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு மாற்றாமல் 2022-ஐக்கூடக் கன்ட்ரோலராக்க முடியாது.

இங்கே என் கருத்து ஒன்று. லாகினுக்கு அந்த 2022-யே இருக்கட்டும். அதற்கு 2031 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் யூசர், கணினி விவரங்கள் இருக்கும் இடம்) 2025 கொண்டுவந்த பெரிய மாற்றம், 2000-ம் ஆண்டு முதல் 8 கேபியாக இருந்த டேட்டாபேஸ் பக்கத்தை 32 கேபி ஆக்கும் வசதி. அதை இயக்க எல்லாக் கன்ட்ரோலரும் 2025 ஆக இருக்க வேண்டும், இயக்கிவிட்டால் திரும்ப வழியில்லை. ஆயிரக்கணக்கில் யூசர் உள்ளவர்களுக்குப் பயன். 14 கணினிக்கு ஒன்றுமில்லை. அதோடு, 2025 கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆனதும் டொமைன் ஃபயர்வால் ப்ரொஃபைலை எடுக்காமல் பப்ளிக் ப்ரொஃபைலோடு எழுந்து, யாரையும் உள்ளே விடாமல் நிற்கும் கோளாறு ஒன்று இருந்தது. 2025 ஜூன் அப்டேட்டில்தான் சரிசெய்தார்கள். அதற்கு முந்தைய ஐஎஸ்ஓவிலிருந்து (நிறுவல் ஃபைல்) நிறுவுபவர்கள் முதலில் அப்டேட்டைப் போட்டுவிட்டு ப்ரமோட் செய்வது நல்லது.

ஃபைல் சர்வரையும் டாலியையும் மட்டும் 2025-க்குக் கொண்டுபோகலாம். அங்கேதான் உண்மையான தலைவலி வரும். அது புதிய வசதிகளால் வருவதில்லை, மாறிப்போன டிஃபால்ட்டுகளால் வருவது.

முதலில் நாஸ். 2025 சர்வர் வேறொரு ஷேரைத் திறக்கப்போகும்போது, எதிர்ப் பக்கம் எஸ்எம்பி சைனிங் (ஷேர் திறக்கும் எஸ்எம்பி முறையில் ஒவ்வொரு செய்திக்கும் டிஜிட்டல் கையெழுத்து) செய்தே ஆக வேண்டும் என்று கேட்கும். 2012-ல் சாதாரண சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்புக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சைனிங் தெரியாத பழைய நாஸ் என்றால், கிரிப்டோகிராஃபிக் சிக்னேச்சர் தவறு என்ற பிழையோடு இணைப்பு நின்றுவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட் ஆகத் திறந்து வைத்திருக்கும் நாஸ் என்றால், கெஸ்ட் அனுமதி இல்லை என்று வரும், அல்லது பாதையே கிடைக்கவில்லை என்று பொய் சொல்லும். கெஸ்ட் இணைப்பில் கையெழுத்துப் போட பாஸ்வேர்டிலிருந்து வரும் சாவி இல்லை, அதனால் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது.

சர்வர் வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 உள்ள லேப்டாப் ஒன்று போதும், அதிலும் இதே விதிதான். அதிலிருந்து நாஸ் ஷேர் திறந்து ஃபைல் எழுத முடிந்தால் 2025-லும் முடியும். திறக்காவிட்டால் நாஸின் ஃபர்ம்வேரை ஏற்றுங்கள், அதன் செட்டிங்கில் எஸ்எம்பி 3-ஐயும் சைனிங்கையும் இயக்குங்கள், பேக்கப்புக்கென்று பாஸ்வேர்டோடு தனி யூசர் உருவாக்குங்கள். எதுவும் பலிக்காவிட்டால்தான் சர்வரின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 'மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையன்ட்: டிஜிட்டலி சைன் கம்யூனிகேஷன்ஸ் – ஆல்வேஸ்' என்பதை அணைப்பது. பலர் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறார்கள். கெஸ்ட் ஆக யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பேக்கப்பை ரான்சம்வேரும் எழுதும், அழிக்கும். அந்த நாஸ் திறக்காமல் போவது நல்லதுக்குத்தான்.

அடுத்தது ஜெராக்ஸ் மெஷின். அது சர்வருக்குள் வரும் இணைப்பு, அதற்குச் சைனிங் கட்டாயம் இல்லை. அங்கே தடை வேறு இரண்டு. புதிதாக நிறுவும் 2025-ல் எஸ்எம்பி 1 இருக்காது. என்டிஎல்எம் (பாஸ்வேர்டு சரிபார்க்கும் பழைய முறை) முதல் பதிப்பு அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. எஸ்எம்பி 1-ஐ ஃபீச்சர் பட்டியலிலிருந்து வேண்டுமானால் சேர்க்கலாம் (சேர்க்காதீர்கள்). பழைய என்டிஎல்எம் திரும்ப வராது. மெஷின் எந்த மொழி பேசுகிறது என்பதை இப்போதே பாருங்கள்: 2012 ஆர்2-ல் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து கெட்-எஸ்எம்பிசெஷன் கட்டளையை ஓட்டி, டயலெக்ட் (எஸ்எம்பி பதிப்பு எண்) என்ற விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும், பேப்பர் உள்ளே போய் முடிந்த கொஞ்ச நேரத்தில் அந்த வரி மறைந்துவிடும். மெஷினின் ஐபிக்கு நேரே 2 அல்லது 3 என்று தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்தீர்கள். 1 என்றால், டெக்னீஷியனிடம் ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இல்லை என்று கைவிரித்தால் பலர் மின்னஞ்சலுக்கு ஸ்கேன் செய்யும் வழிக்குப் போவார்கள். 2012-ல் சர்வரிலேயே மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி ஃபீச்சரை ஏற்றி, மெஷின் அனுப்பும் மெயிலை வெளியே தள்ளிக்கொள்ளலாம். 2025-ல் அந்த ஃபீச்சரும் நீக்கப்பட்டுவிட்டது. மிஞ்சுவது ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி. விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்-ல் அது இன்னும் இருக்கிறது. ஸ்கேனுக்கென்று ஒரே ஒரு ஃபோல்டர், அதற்கு மட்டும் உரிமை உள்ள ஒரு யூசர், கடை நெட்வொர்க்கைத் தாண்டாத ஃபயர்வால் விதி. பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும் முறை என்பதால் அந்த யூசருக்கு வேறு எங்கும் அனுமதி இருக்கக் கூடாது.

மூன்றாவது, கப்பலூர் வி.பி.என். 2025-ல் புதிதாக ஆர்ராஸ் (விண்டோஸின் வி.பி.என். சர்வர் வசதி) நிறுவினால் பிபிடிபி, எல்2டிபி என்ற பழைய வி.பி.என். முறைகள் இரண்டையும் டிஃபால்ட்டாக ஏற்காது. எஸ்எஸ்டிபி, ஐகெவ்2 என்ற புதிய முறைகளை மட்டும் ஏற்கும். பழைய சர்வர் மேல் ஏறினால் இருந்தபடி இருக்கும், ஆனால் நீங்கள் புதிதாக நிறுவப்போகிறீர்கள். போர்ட்ஸ் ப்ராப்பர்ட்டீஸில் போய்த் திரும்ப இயக்க முடியும் என்றாலும், பிபிடிபிக்கு இனி உயிர் கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டிபி 443 போர்ட்டில் போவதால் பெரும்பாலான ரூட்டர்களைத் தாண்டிவிடும். அதற்கு ஒரு டொமைன் பெயரும், அந்தப் பெயருக்கான சான்றிதழும், கடை இணைப்புக்கு ஸ்டாட்டிக் பப்ளிக் ஐபியும் வேண்டும். வீட்டு பிராட்பேண்ட் திட்டங்கள் பலவற்றில் ஐபி பல பேருக்குப் பொதுவாக இருக்கும், அதில் உள்ளே வரும் இணைப்பு நடக்காது.

வி.பி.என். இல்லாமலே ஷேரைத் திறக்க உதவும் எஸ்எம்பி ஓவர் க்விக், முன்பு மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கான அஷ்யூர் எடிஷனில் மட்டும் இருந்தது, இப்போது ஸ்டாண்டர்டிலும் வந்துவிட்டது. குடோனில் பில் பிடிஎஃப், டிசைன் படங்கள் திறக்க அருமை. டாலி டேட்டாவை அதன் வழியாக நேரடியாகத் திறக்க நினைக்காதீர்கள். சின்னச் சின்னப் படிப்புகள் ஆயிரக்கணக்கில் போகும், ஒவ்வொன்றும் இணைய இணைப்பில் போய்த் திரும்ப வேண்டும். ஒரு லெட்ஜர் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். குடோன் ஆள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து, டாலியைச் சர்வரிலேயே ஓட்டட்டும். அதற்கு ஆர்டிஎஸ் கால் (ரிமோட் டெஸ்க்டாப்பில் வருபவருக்கான அணுகல் உரிமம்) தனி. நிர்வாகத்துக்கென இலவசமாக வரும் இரண்டு செஷனை வேலைக்குப் பயன்படுத்துவது உரிமத்தில் சேராது. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை ரூட்டரில் நேராகத் திறந்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சத்தமில்லாமல் வந்த ஒரு நல்ல டிஃபால்ட்: எஸ்எம்பி-யில் தப்பான பாஸ்வேர்டு கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் 2 விநாடி காக்கவைக்கும். நொடிக்கு 300 வீதம் 5 நிமிடத்தில் 90,000 பாஸ்வேர்டு முயன்ற நிரலுக்கு இப்போது 50 மணி நேரம் ஆகும். கடையில் யாருடைய கணினியில் வைரஸ் நுழைந்தாலும் இது கொஞ்சம் அவகாசம் தரும்.

அடுத்து, ஹாட்பேட்ச் என்ற வசதி. ரீஸ்டார்ட் இல்லாமல் மாதாந்திர அப்டேட் ஏறும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் ரீஸ்டார்ட். 2025 ஜூலை முதல் இதற்கு ஒரு ப்ராசஸர் கோருக்கு மாதம் 1.50 டாலர், அஷ்யூர் ஆர்க்கிலும் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் நிர்வாகச் சேவை) இணைக்க வேண்டும். 16 கோர் என்றால் மாதம் 24 டாலர். ஞாயிறு பூட்டும் கடைக்கு இது தண்டம். போதாக்குறைக்கு மின்வாரியமே மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்டை நிறுத்துகிறது. அந்த நாளில் யுபிஎஸ் தீர்வதற்குள் சர்வரை முறையாக அணைத்து, கரண்ட் வந்ததும் அப்டேட்டோடு எழுப்பினால் போதும்.

என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) வேகம்: 2022-ஐவிட ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை படிப்பு, எழுத்து என்ற கணக்கு) 60 சதவீதம் வரை கூடும் என்கிறது மைக்ரோசாஃப்ட். சுழலும் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டி-க்கு வருவதுதான் உங்களுக்குத் தெரியப்போகும் வேகம், அந்த 60 தெரியாது. மாடிப்படிக்குக் கீழே காற்றில்லாத இடம் என்றால் மே மாத வெயிலில் என்விஎம்இ சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க்கும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் முதலில்.

பெட்டியைப் புதிதாகவே வாங்குங்கள். பழையதன் ரெய்டு கார்டுக்கு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) 2025 டிரைவர் இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்டாண்டர்ட் எடிஷன் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்க வேண்டும், அதில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் உரிமை உண்டு: ஹைப்பர்-வி (விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் விண்டோஸ் வசதி) மேல் ஒன்று லாகினுக்கு 2022 (டவுன்கிரேட் உரிமை உள்ள உரிமமா என்று கேட்டு வாங்குங்கள்), இன்னொன்று ஃபைலுக்கும் டாலிக்கும் 2025. ஹோஸ்டில் (இரண்டையும் சுமக்கும் அசல் பெட்டியில்) ஹைப்பர்-வி தவிர வேறு எதையும் ஏற்றக் கூடாது. சர்வரை அணுகுவதற்கான உரிமமான கால் தனி, ஷிஃப்ட் மாறி ஒரே கணினியில் பலர் உட்காரும் கடை என்றால் டிவைஸ் கால் மலிவாக முடியும். சர்வர் பெட்டியோடு சேர்த்து விற்கும் எசென்ஷியல்ஸ் எடிஷனுக்கு 25 யூசர், 50 டிவைஸ் வரை கால் வேண்டாம், ஆனால் ஒரே ப்ராசஸர், 10 கோர் என்ற வரம்பு உண்டு, விர்ச்சுவல் மெஷினும் ஒன்றுதான். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் கீ பக்கமே போகாதீர்கள்.

பழைய சர்வரை அப்படியே விர்ச்சுவல் டிஸ்க்காக எடுத்து ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு கண்ணி உண்டு. 2025-ன் ஹைப்பர்-வி புது மெஷினுக்கு ஜெனரேஷன் 2-ஐ முன்தேர்வாக வைக்கிறது. பயாஸ் முறையில் நிறுவிய பழைய டிஸ்க் அதில் பூட் ஆகாது. ஜெனரேஷன் 1 கொடுங்கள், உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. அந்த நகல் நெட்வொர்க் இல்லாமல் தனியாக ஓடட்டும், அசல் கன்ட்ரோலரோடு சேர்ந்து எழுந்தால் டொமைன் குழம்பும்.

தேதியைப் பொறுத்தவரை, மார்ச் கணக்கு முடிப்பையும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தையும் விடுங்கள். சித்திரைத் திருவிழா வாரமும் வேண்டாம். தேர் மாசி வீதி சுற்றும்போது டெக்னீஷியன் வண்டியே உள்ளே வராது. ஒரு சனி ராத்திரி கடை அடைத்ததும் 2022 கன்ட்ரோலரைச் சேர்த்து, ஒரு வாரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். அடுத்த ஞாயிறு டாலி டேட்டாவையும் ஷேரையும் 2025-க்கு மாற்றி, ரோபோகாப்பி என்ற விண்டோஸ் காப்பி கட்டளையில் உரிமைகளும் சேர்ந்து வரும்படி காப்பி-ஆல் கொடுங்கள், இல்லாவிட்டால் திங்கள் காலை எல்லோரும் எல்லா ஃபோல்டரையும் பார்ப்பார்கள், அல்லது யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு பழையதை டிமோட் செய்யலாம்.

டிமோட் செய்யாமல் வெறுமனே அணைத்து மூலையில் வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏதோ பழைய பில் தேட யாராவது அதை நெட்வொர்க்கோடு ஆன் செய்தால், 180 நாள் டூம்ப்ஸ்டோன் (அழித்த கணக்கின் தடயத்தை டொமைன் வைத்திருக்கும் காலம்) தாண்டிய கன்ட்ரோலர் எப்போதோ அழித்த யூசர்களையெல்லாம் தன் பிரதியில் வைத்துக்கொண்டு எழும். கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்த ஸ்விட்சைத் தொட வேண்டும்.