பேஸ்பாலில் ‘பெர்ஃபெக்ட் கேம்’ நடந்தால் ரசிகர்கள் ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள்?

அவ்வளவு அரிதானது என்பதால்தான். 9 இன்னிங்ஸ், 27 அவுட். எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸை, அதாவது மட்டையாளர் முதலில் போய்ச் சேரவேண்டிய இடத்தை, மிதித்திருக்கக் கூடாது. பந்தை எறியும் பிட்சர் நான்கு தவறான பந்துகளைப் போட்டு ஒருவரை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிட்டால் போச்சு. பந்து மட்டையாளர் மேல் பட்டால் போச்சு. ஏன், பிட்சர் சரியாகவே எறிந்தும், கூட்டாளி ஒருவர் பந்தைக் கோட்டைவிட்டு ஆள் பேஸுக்குப் போய்விட்டாலும் போச்சு! அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 1880இல் முதல் முறை நடந்தது. 2023 வரை மொத்தம் 24 முறைதான்.

எனக்கு மிகப் பிடித்தது, 2009 ஜூலை 23 அன்று சிகாகோவில் வைட் சாக்ஸ் அணிக்காக பிட்சர் மார்க் பர்லி ஆடியது. எதிரணி டாம்பா பே ரேஸ். கடைசி இன்னிங்ஸின் முதல் ஆள் கேப் கேப்ளர் அடித்த பந்து வேலியைத் தாண்டப் போனது. தடுப்பாட்டத்துக்காக அந்த இன்னிங்ஸில்தான் உள்ளே வந்திருந்த டிவெய்ன் வைஸ் ஓடிப்போய், சுவரோடு எம்பிப் பிடித்தார். கீழே வரும்போது பந்து கையுறையிலிருந்து நழுவியது; வெறுங்கையால் மறுபடி பற்றிக்கொண்டார். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் இரண்டு அவுட். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. வைட் சாக்ஸ் ரசிகரான அதிபர் ஒபாமாவும் பர்லியைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார்.