இட்லிக்குப் பதில் பூசணியும் தயிரும்: சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கேள்வி: வயது 61. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். தைராய்டு மாத்திரையும் உண்டு. இப்போது நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். அக்டோபர் வந்ததும் இங்கே எங்கு பார்த்தாலும் பூசணிதான். காலையில் மகள் ஒரு கண்ணாடி டம்ளரில் பூசணி விழுது, தயிர், கிரனோலா என்று அடுக்கடுக்காகப் போட்டுத் தருகிறாள். சாப்பிடலாமா? இந்தக் குளிரில் தயிர் சளி பிடிக்காதா?

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம் அம்மா. பரங்கிக்காய் தயிர்ப் பச்சடி நமக்குப் புதிதா என்ன? அதே கூட்டணிதான், கடுகு தாளிப்புக்குப் பதிலாகப் பட்டைத்தூள். கடையில் டின்னில் வரும் பூசணி விழுதும், ஹாலோவீன் பண்டிகைக்கு வாசலில் முகம் செதுக்கி வைக்கிறார்களே, அந்த ஆரஞ்சுப் பூசணி இல்லை. பெரும்பாலும் அது நம் ஊர்ப் பரங்கிக்கு நெருங்கிய சொந்தமான வேறு ரகம்.

பூசணி இனிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அரை கப் விழுதில் மாவுச்சத்து சுமார் 10 கிராம், ஏறக்குறைய ஒரு இட்லியில் இருக்கும் அளவு. அதிலும் 3 கிராம் நார்ச்சத்து. வில்லங்கம் டின்னின் லேபிளில்தான் இருக்கிறது. கடையில் ஒரே மாதிரிப் படம் போட்ட இரண்டு டின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று 'பம்ப்கின் பியூரே', வெறும் பூசணி. இன்னொன்று 'பம்ப்கின் பை மிக்ஸ்', சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்தது. டின்னைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் பூசணி என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தயிரிலும் அப்படித்தான். வெனிலா வாசனைத் தயிர் வேண்டாம். 'பிளெய்ன்' என்று போட்ட கிரீக் தயிர் நல்லது. கெட்டியாக இருக்கும், புரதமும் அதிகம்.

கிரனோலாவைப் பார்த்தால் ஏதோ சத்துமாவு மாதிரி தெரியும். ஆனால் அது தேனோ சர்க்கரைப் பாகோ எண்ணெயோடு சேர்த்து மொறுமொறுப்பாகச் சுட்ட ஓட்ஸ். அரை கப் போட்டாலே 200 கலோரியைத் தாண்டிவிடும். மேலே ஒரு மேசைக்கரண்டி மேப்பிள் சிரப் ஊற்றினால் இன்னும் 12 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன். இரண்டையும் விட்டுவிட்டு, வறுத்த வால்நட்டோ பாதாமோ ஒரு பிடி உடைத்துப் போடுங்கள். பூசணிக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். அது இதிலிருந்து கிடைத்துவிடும். விழுதில் ஒரு சிட்டிகை பட்டை, சுக்கு, துளி ஜாதிக்காய் போதும். வால்நட், பாதாமைக் கடைசியில் தூவுங்கள், இல்லாவிட்டால் ஊறிச் சவசவத்துவிடும்.

சளிக்குக் காரணம் வைரஸ், தயிர் இல்லை. சில்லென்று தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பத்து நிமிடம் முன்னதாக எடுத்து வெளியே வையுங்கள்.

சாப்பாட்டைவிட உங்கள் மாத்திரைகள்தான் எனக்குக் கவலை. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, மாவுச்சத்து குறைந்த இந்த ஒரு டம்ளரோடு மதியம்வரை இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கூடவே ஒரு கோதுமை ரொட்டித் துண்டு சாப்பிடுங்கள். முதல் சில நாள் இரண்டு மணி நேரம் கழித்தும், மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் விரலில் குத்திப் பாருங்கள். வியர்வை, நடுக்கம் வந்தாலோ 70-க்குக் கீழே போனாலோ உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அப்புறம் உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். தயிரிலுள்ள கால்சியம் தைராய்டு மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஆகவே எழுந்ததும் அதை வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டம்ளரைக் கையில் எடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் பூசணியிலும் தயிரிலும் உள்ள பொட்டாசியத்தைக் கணக்குப் பார்க்க வேண்டிவரும். டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தினமும் நிறையச் சாப்பிட்டால் சில வாரத்தில் உள்ளங்கை மஞ்சளாகலாம். பயப்படாதீர்கள், அது கரோட்டின் நிறம்; குறைத்துக்கொண்டால் போய்விடும். கண்ணின் வெள்ளை விழியும் மஞ்சளானால் அது பூசணியின் வேலை இல்லை, அன்றே டாக்டரைப் பாருங்கள்.