லேப் ஸ்டீல் கிட்டாரில் எல்லா வகைப் பாட்டுக்கும் ஒரே ட்யூனிங் போதுமா?

போதாது. போதும் என்று நம்பி ஒரு கல்யாண ரிசப்ஷனில் மானத்தை வாங்கிக்கொண்டவன் சொல்கிறேன். (லேப் ஸ்டீல் என்பது மடியில் கிடத்தி, பார் என்ற உலோகத் துண்டைக் கம்பிகள் மேல் நகர்த்தி வாசிக்கும் கிட்டார். எந்தக் கம்பிக்கு எந்த ஸ்வரம் வைப்பது என்பதுதான் ட்யூனிங்.)

கன்ட்ரி, புளூஸ், நம் சினிமா மெலடி மூன்றும் வாசிக்க வேண்டும், சி6, ஓப்பன் டி என்ற இரண்டு ட்யூனிங்கில் எதை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக 6 கம்பி வைத்த பழைய கிட்டார் ஒன்று வாங்கி, நாலு வீடியோ பார்த்துக் குழம்பிப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எல்லோரும் சி6 என்றார்கள். கீழிருந்து மேலே சி-ஈ-ஜி-ஏ-சி-ஈ. மாட்டியிருந்தது சாதாரண கிட்டார் கம்பி. 6-ஆவது கம்பி கீழ் ஈ-யிலிருந்து மேலே சி வரை 8 அரைஸ்வரம் ஏற வேண்டும். ஏறுமா? பாதி வழியிலேயே அறுந்து மணிக்கட்டைக் கீறியது. சி6-க்கு என்று தனி செட் விற்கிறார்கள், அதை வாங்காமல் கம்பி முறுக்கும் கீயைத் தொடாதீர்கள். ஓப்பன் டி-க்கு (டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி) இந்தத் தொல்லை இல்லை. 4 கம்பியை இறக்கினால் வேலை முடிந்தது.

சரி என்று அதற்கு மாறினேன். பாரை நேராக வைத்தாலே மேஜர் கார்டு. அடிக்கம்பிகளில் ச-ப-ச இருப்பதால் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டாலும் கலங்காது, புளூஸுக்கு அருமை. ஐந்து மாதம் ராஜா மாதிரி இருந்தேன்.

அப்புறம் அந்த ரிசப்ஷன். எங்கள் ஊர் மெல்லிசைக் குழு, கரகரப்பிரியா ராகச் சாயலில் ஒரு பழைய பாட்டு, சுருதி டி. பல்லவி முடிந்து என் பிட் வந்தது. உற்சாகத்தில் 12-ஆவது ஃப்ரெட் கோட்டில் பாரை வைத்து எல்லாக் கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்தேன். கரகரப்பிரியாவுக்கு வேண்டியது சாதாரண காந்தாரம் (தாழ்ந்த ‘க’), அதாவது எஃப். என் 3-ஆவது கம்பியில் உட்கார்ந்திருந்ததோ எஃப் ஷார்ப், அரைஸ்வரம் உயர்ந்த அந்தர காந்தாரம். பாடிக்கொண்டிருந்த அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். தபேலாக்காரர் சாப்பாட்டுப் பந்தியில் மெதுவாக, "அண்ணே, அது எந்த ஊர் காந்தாரம்?" என்றார். இன்றைக்கும் குழுவில் எனக்குப் பெயர் காந்தாரம்தான்.

மறுநாளே அந்தக் கம்பியை அரைஸ்வரம் இறக்கினேன். கரகரப்பிரியா சரியானது, அந்தர காந்தாரம் வேண்டிய சங்கராபரணம் கெட்டது. கடைசியில் ஜி-க்கு ஏற்றிவிட்டேன். அது சுத்த மத்தியமம் (தாழ்ந்த ‘ம’), இரண்டு ராகத்துக்கும் பொது. சுத்த மத்தியமம் இல்லாத கல்யாணி வந்தால் அந்தக் கம்பியைத் தொடுவதில்லை. கர்நாடக இசையில் இதே மாதிரி உருளை வைத்து வாசிக்கும் சித்திரவீணைக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் உருளையை நகர்த்தி வாசிக்கும் கம்பிகளில் சட்ஜமும் பஞ்சமமும்தான். காந்தாரம் ராகத்துக்கு ராகம் மாறும் சங்கதி என்பதால் அதைக் கம்பியில் கட்டிப்போடுவதே இல்லை. நான் கம்பி அறுத்துக் கற்றதை அவர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள்.

சி6 ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். என் இரண்டாவது கிட்டாரில் சி6-தான் இருக்கிறது. மேல் 3 கம்பியில் ஏ மைனர், கீழ் 3 கம்பியில் சி மேஜர், பாரை அசைக்காமலே இரண்டும் கிடைக்கும். ஹவாய்ப் பாட்டு, வெஸ்டர்ன் ஸ்விங், சர்ச் கீதங்கள் எல்லாம் அதில் இனிக்கும். ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பேர்டு பாரைச் சாய்த்து வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அடியில் சி-யும் ஈ-யும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் டிஸ்டார்ஷன் போட்டால் ஒரே சேறு. கன்ட்ரி என்று நீங்கள் நினைப்பது கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டில் வரும் அழுகை என்றால் அது சி6-உம் இல்லை. அவருக்கு வாசித்த டான் ஹெல்ம்ஸ் வைத்தது ஈ6 என்ற வேறு ட்யூனிங். கன்ட்ரியின் கிளையான புளூகிராஸில் வாசிக்கும் டோப்ரோ என்ற கிட்டாருக்கு ஜி-பி-டி-ஜி-பி-டி, அதற்கும் கம்பி வேறு.

இவ்வளவு மெனக்கெட்டு என்ன பயன் என்றும் சில நாள் தோன்றும். கீபோர்டுக்காரத் தம்பி ஒரு பட்டனைத் தட்டி ஹவாயன் கிட்டார் டோன் கொண்டுவந்து, ஸ்வரத்தை வளைக்கும் வீலை ஆட்டுவான். கேட்பவர்களுக்கு அது போதுமாம். நிகழ்ச்சி பிடிப்பவர் உடனே, "அண்ணே, இந்தத் தடவை பட்ஜெட் இல்ல" என்பார். போன ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பேசியதில் பாதிப் பணம்தான் கைக்கு வந்தது. மீதியைக் கேட்டால் போனை எடுப்பதில்லை. நான் மட்டும் வருஷத்துக்கு நாலு செட் கம்பி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு கிட்டார்தான் என்றால் ஓப்பன் டி-யில் தொடங்குங்கள். புளூஸ் அப்படியே வரும், கன்ட்ரி ஓரளவு வரும். சினிமா மெலடிக்கு முதலில் பாட்டின் காந்தாரம் எது என்று பாடிப் பார்த்துவிட்டு 3-ஆவது கம்பியைத் தொடுங்கள். அந்த ஒரு கம்பியை மட்டும் கூடுதலாக இரண்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள், ஏற்றி இறக்கியே அறுப்பீர்கள்.