அண்ணாச்சி பதில்கள்: ரேஸ் ட்ராக்குக்கு எந்த ஷூ?

(பாளையங்கோட்டையில் 27 ஆண்டுகளாகக் கார் ஒர்க்‌ஷாப் நடத்தும் நம் அண்ணாச்சி, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ட்ராக்கிலும் ஓட்டுகிறவர். இந்த இதழில் ஷூ பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

*அண்ணாச்சி, அடுத்த மாதம் கூட்டாளிகளோடு கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள்) போகிறோம். என் வண்டி பழைய ஸ்விஃப்ட். காலையில் ஓடுவதற்கென்று வாங்கிய ரன்னிங் ஷூ இருக்கிறது, பஞ்சு மாதிரி சுகமாக இருக்கும். அதையே போடலாமா? ரேஸ் ஷூதான் வாங்கணும் என்று ஒருவன் பாடாய்ப் படுத்துகிறான்.*
– வாசகர், அம்பாசமுத்திரம்

அந்தப் பஞ்சுதான் தம்பி வில்லங்கம். நானும் 2014-இல் முதல் தடவை போனபோது அப்படித்தான் போனேன். மூட்டுவலிக்கு நல்லது என்று வாங்கிய வெள்ளை ஷூ, குதிகாலில் மூன்று விரல் தடிமனுக்கு மெத்தை. நீங்கள் போகப்போகிற அதே செட்டிப்பாளையத்து ட்ராக்தான், சுற்றுக்கு 2.1 கிலோமீட்டர். நாங்குநேரி நாற்கரச் சாலை மாதிரி நேராக நீண்டு கிடக்காது, திருப்பங்கள் அடுத்தடுத்து வரும். கால் சும்மா இருக்கிற நேரமே குறைவு. மூன்றாவது சுற்றில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோனேன். அடிப்பாகம் வெளியே விரிந்து நிற்கும் அல்லவா, அந்த விளிம்பு பிரேக் பெடலின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு கண் இமைக்கிற நேரம்தான். வண்டி மண்ணில் இறங்கி நின்றது. எனக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை, மானம்தான் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, மெத்தையக் கட்டிட்டு வந்திருக்கீங்ளா?" என்றார்.

அவர் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நடக்கும்போதும் ஓடும்போதும் தரை காலை அடிக்கிறது, அதைத் தாங்க மெத்தை வேண்டும். காரில் அப்படி இல்லை. பிரேக் எவ்வளவு இறங்கியிருக்கிறது, டயர் பிடிக்கிறதா, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) துடிக்க ஆரம்பித்துவிட்டதா என்பதெல்லாம் பெடல் வழியாகத்தான் உள்ளங்காலுக்கு வந்து சேரும். நடுவில் மெத்தை இருந்தால் முதலில் மெத்தை அமுங்கும், பிறகுதான் பெடல் அமுங்கும்.

ஆகவே மெல்லிய ரப்பர் அடி வேண்டும், ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. விளிம்பு மேல்பாகத்தைத் தாண்டி வெளியே துருத்தக் கூடாது. இன்னொன்று, குதிகாலின் பின்பக்கம் உருண்டையாக மேலே ஏறியிருக்க வேண்டும். கார் ஓட்டும்போது குதிகாலைத் தரையில் ஊன்றி அதன் மேல்தான் பாதத்தைத் திருப்புகிறோம். சதுரமாக வெட்டின குதி திரும்பாது, இடறும். ரேஸ் ஷூ என்று விற்பவற்றில் இந்த மூன்றும் இருக்கும். மற்ற அலங்காரமெல்லாம் கண்ணுக்கு.

கடையில் அடியைக் கையால் அழுத்திப் பார்த்து ஒன்றும் தெரியாது. நான் சட்டைப்பையில் ஒரு புளியங்கொட்டை கொண்டுபோவேன். தரையில் போட்டு, ஷூ மாட்டிய காலால் மேலே மிதிக்க வேண்டும். கொட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று கால் சொல்லிவிட்டால் அடி சரி. கடைக்காரப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

முதல் ட்ராக் டேக்கு ரேஸ் ஷூ வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். பள்ளிக்கூடத்தில் டிரில் பீரியடுக்குப் போட்டோமே, தட்டை ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூ, அதுவே போதும். அடுத்த இரண்டு தடவையும் நான் அதைப் போட்டுத்தான் ஓட்டினேன். உள்ளரங்குக் கால்பந்துக்கு விற்கிற தட்டை ஷூவும் நன்றாகவே இருக்கும். கயிற்றின் முனைகளை மட்டும் ஷூவுக்குள் செருகிவிடுங்கள். கிளட்சில் கயிறு சுற்றிக்கொண்டால் கதை கந்தல். வாங்கியதும் வீட்டு முற்றத்தில் எஞ்சினை அணைத்து வைத்து, பிரேக், ஆக்சிலேட்டர், பிரேக் என்று ஐம்பது தடவை மாற்றிப் பாருங்கள். எங்கேயாவது உரசினால் அங்கேயே தெரிந்துவிடும்.

மிச்சப்படுகிற பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஸ்விஃப்ட் என்கிறீர்கள், அதுதான் முதலில் செய்ய வேண்டியது.

*இணையத்தில் ரேஸ் ஷூ ஆர்டர் செய்யப்போகிறேன். 42, 43 என்று அளவு போட்டிருக்கிறான். கடையில் நான் வாங்குவது 8. எதை எடுக்க?*
– வாசகர், வள்ளியூர்

இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன். நம் கடைகளில் பெரும்பாலும் இருப்பது இங்கிலாந்து அளவு. அதில் ஒரு எண் கூடினால் நீளம் 8.46 மில்லிமீட்டர் கூடும், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கு 6.67 மில்லிமீட்டர்தான். இரண்டு ஏணிக்கும் படி வேறு வேறு. அதனால் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி பட்டியல் போடுவான். எண்ணை விட்டுவிட்டு சென்டிமீட்டரைப் பிடியுங்கள்.

சாயங்காலமாக அளக்க வேண்டும், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ட்ராக்கில் வெயிலில் நிற்கும்போதும் அதே வீக்கம்தான் வரும். ஓட்டும்போது போடப்போகிற சாக்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு தாளின் மேல் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரையுங்கள். பெரிய பாதம் எதுவோ அதுதான் கணக்கு. நடைக்கு வாங்குகிற மாதிரி முன்னால் கட்டைவிரல் இடம் விடாதீர்கள், அரை சென்டிமீட்டர் போதும்.

நீளம் மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். வரப்பிலும் தெருவிலும் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த கால் நம்முடையது, விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். ரேஸ் ஷூவின் முன்பாகமோ பெடல்களுக்கு இடையே போய்வர ஒடுக்கமாகத்தான் இருக்கும். நான் வரவழைத்தது நீளத்தில் அச்சாகப் பொருந்தியது, சுண்டுவிரலை மட்டும் நசுக்கியது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன், விற்றவர் முடியாது என்றுவிட்டார். டவுனில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மரக்கட்டை வைத்து இரண்டு நாள் விரித்துப் பார்த்தேன். தோல் என்றால் கொஞ்சம் இணங்கியிருக்கும், அது சிந்தெடிக், மசியவில்லை. இப்போது என் அக்கா மகன் காலில் அழகாக இருக்கிறது. ஆகவே அகலத்தையும் அளந்து, பட்டியலில் அகலம் போட்டிருக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். ஒடுக்கமான ஷூ நாளானால் விரிந்து கொடுக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

*நான் டிராக்டர் ஓட்டிப் பழகியவன். இன்றைக்கும் கார் வெறுங்காலோடுதான் ஓட்டுகிறேன். மெல்லிய அடிதான் நல்லது என்றால் வெறுங்கால் அதைவிட நல்லதுதானே அண்ணாச்சி?*
– வாசகர், கடையநல்லூர்

கேள்வி சரியான கேள்விவே! உணர்வு என்று பார்த்தால் வெறுங்காலை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ட்ராக்கில் பிரேக்கை ரோட்டில் மிதிப்பதுபோல மிதிப்பதில்லை, முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். பெடலின் இரும்பு ஓரம் உள்ளங்காலை அறுக்கும், வியர்த்தால் வழுக்கும். நாலு சுற்று போனதும் கால்மாட்டில் ஏறுகிற சூடு வேறு. எப்படியும் மூடிய ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். செருப்பு பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

*கல்லூரியில் படிக்கிறேன், கார்ட்டிங் (கூரையில்லாத சின்னப் பந்தய வண்டி) ஓட்டியிருக்கிறேன். என் பாதம் 22 சென்டிமீட்டர்தான். கடையில் ஆண்கள் அளவுதான் காட்டுகிறார்கள். பெரிதாக வாங்கி இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?*
– வாசகி, பாளையங்கோட்டை

வேண்டாம் தாயி. சாக்ஸுக்குள் சாக்ஸ் வழுக்கும், ஷூவுக்குள் கால் மிதக்கும். ஹீல் அண்ட் டோ பழகும்போது அது கழுத்தறுத்துவிடும். முன்பாதத்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, அதே காலின் வலது ஓரத்தைச் சரித்து ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறோம். கியர் குறைக்கும்போது எஞ்சின் வேகம் ஏறி நின்றால்தான் கிளட்சை விடும்போது சக்கரம் வெட்டி இழுக்காது. ஷூ காலோடு ஒட்டியிருந்தால் ஒழிய இது கைவராது. கார்ட்டிங் ஷூக்களில் சிறுவர் அளவு வரும், ஏனென்றால் அந்த விளையாட்டுக்குச் சின்னப் பிள்ளைகளே வருகிறார்கள். அதில் தேடு. இல்லையென்றால் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் உள்ள விளையாட்டுச் சாமான் கடையில் பையன்களுக்கான உள்ளரங்குக் கால்பந்து ஷூ கேட்டுப் பார். குதிகால் பிடிப்பாக இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்.

*தீப்பிடிக்காத ஷூ என்கிறார்களே, அவசியமா?*
– வாசகர், சங்கரன்கோவில்

எஃப்ஐஏ (கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பு) 8856-2018 என்று லேபிள் இருந்தால் தீயைத் தாங்கும் சோதனையில் தேறியது என்று பொருள். உள்ளே நோமெக்ஸ் போன்ற துணி இருக்கும், தீயில் உருகி ஒழுகாது. போட்டி என்று இறங்கினால் விதிப்புத்தகம் கேட்பதைப் போட்டுத்தான் ஆக வேண்டும். சொந்தக் காரில் ஓட்டிப் பார்க்கிற ட்ராக் டேக்கு நான் கட்டாயம் என்று சொல்லமாட்டேன். நைலான் சாக்ஸை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி சாக்ஸ் போதும்.

*ட்ராக் முடிந்து அதே ஷூவோடு ஊர் வரைக்கும் ஓட்டி வரலாமா?*
– வாசகர், திசையன்விளை

மெல்லிய அடியோடு 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் குதிகால் கெஞ்சும். அம்பாசமுத்திரம் தம்பியின் பஞ்சு ஷூவுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது. நான் ட்ராக் ஷூவைக் காருக்குள் ஏறும்போதுதான் மாட்டுவேன், இறங்கியதும் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். அதோடு நடந்தால் அடியில் ஆயிலும் பொடிக்கல்லும் ஒட்டிக்கொண்டு பெடலில் வழுக்கும். கழற்றியதை டிக்கியில் வையுங்கள், சீட்டுக்கு அடியில் வேண்டாம், உருண்டு வந்து பிரேக்குக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். திரும்பும் வழியில் கோவில்பட்டியில் ஐந்து நிமிடம் நிறுத்தி, காலை உதறிவிட்டு, கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வழிக்கு.