எவரெஸ்ட் பேஸ் கேம்ப் மலையேற்றத்துக்கு எந்த மாதத்தில் போவது நல்லது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவு: ஊர் மதுரை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, மனைவியுடன் போகிறார், பதினைந்து நாள் விடுப்பு கிடைக்கும், மனைவிக்குக் குளிர் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. அக்டோபர் என்கிறார் ஒருவர், ஏப்ரல் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை செப்டம்பர் கடைசி வாரம், இரண்டாம் முறை நவம்பர் நடுப்பகுதி. முதல் முறை பேஸ் கேம்ப் வரை போய்ச் சேரவே இல்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பரில் போனதற்குக் காரணம் கஞ்சத்தனம். டிக்கெட் மலிவு, விடுதிகளில் கூட்டம் இருக்காது, "மழை முடிகிற நேரம்தான், பயப்பட வேண்டாம்" என்று பயண ஏற்பாட்டாளரும் சொன்னார். மலைப்பாதை தொடங்குவது லுக்லாவில். சாலை வழியும் உண்டு என்றாலும் நாள்கள் அதிகம் பிடிக்கும் என்பதால் எல்லோரும் சிறிய விமானத்தில்தான் போவார்கள். லுக்லா ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மேகம் மூடிவிட்டால் விமானம் கிடையாது, அவ்வளவுதான். காத்மாண்டு விமான நிலையத்தில் இரண்டு நாள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் காலை பதினைந்து நிமிடம் வானம் வழிவிட்டது. போய் இறங்கினேன்.

தொலைந்த இரண்டு நாளை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டுமே. டிங்போச்சேயில், அதாவது 4,410 மீட்டரில், ஒரு நாள் சும்மா தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்பது வழக்கம். அதை விட்டுவிட்டு மேலே நடந்தேன். லொபுச்சேயில் இரவு தலை பிளந்தது. குடித்த பூண்டு சூப் அப்படியே வெளியே வந்தது. விடிந்ததும் வழிகாட்டி ஒன்றும் பேசாமல் என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் போனேன். எவரெஸ்ட்டைக் கண்ணால் பார்க்காமலே ஊர் திரும்பினேன்.

பருவத்தைப் பற்றி யார் எழுதினாலும் வானம் தெளிவாக இருக்குமா, பூ பூத்திருக்குமா என்றே எழுதுகிறார்கள். தவறான மாதம் முதலில் தின்பது உங்கள் உபரி நாள்களை. உபரி நாள் போனதும் நாம் கைவைப்பது ஓய்வு நாளில். மேகம் செய்த வேலைக்குத் தலைவலி வருவது இப்படித்தான்.

இனி மாதங்களுக்கு வருவோம்.

ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் முடியும் வரை வேண்டவே வேண்டாம். நேபாளத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அந்த நான்கு மாதத்தில்தான் கொட்டுகிறது. செப்டம்பர் கடைசியையும் நம்பாதீர்கள். 2024 செப்டம்பர் கடைசியில் பெய்த மழையில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கே மூழ்கியது. நாடு முழுக்க 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதங்களில்தான் விடுப்பு என்றால் எவரெஸ்ட்டை மறந்துவிட்டு லடாக் போங்கள். மழை மறைவுப் பகுதி, அங்கே அதுதான் பருவம்.

அக்டோபர், நவம்பர். நமக்கு ஐப்பசி அடைமழை தொடங்கும்போது அங்கே வானம் துடைத்துவைத்த பாத்திரம் போல இருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தென்மேற்குப் பருவக்காற்று வடக்கிலிருந்து விலகித் தெற்கே இறங்கிவருகிறது. ஆனால் நம் வங்கக் கடல் புயலுக்கும் அந்த மலைக்கும் ஓர் உறவு உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலின் மிச்சம் வடக்கே போய், இரண்டு நாள் கழித்து அன்னபூர்ணா பகுதியில் தோரோங் லா கணவாயைச் சுற்றிப் பனிப்புயலாகக் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது மலையேற்றத்துக்கு உச்சப் பருவம் என்று எல்லோரும் சொல்லும் அக்டோபர் நடுப்பகுதி. ஆகவே அக்டோபரில் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் காத்மாண்டு வானிலையை மட்டும் பார்த்தால் போதாது, வங்கக் கடலையும் பார்க்க வேண்டும். நமக்கு அது பழக்கமான வேலைதானே.

அக்டோபரின் இன்னொரு தொல்லை கூட்டம். வழியில் இருக்கும் பெரிய ஊரான நாம்சே பஜாருக்குப் போகும் தொங்குபாலங்களில் எதிரே கோவேறு கழுதைகள், பின்னால் முப்பது பேர் என்று நின்றிருக்கிறார்கள் நண்பர்கள். மேலே இடம் கிடைக்காமல் சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் படுத்தவர்களும் உண்டு. தசைன் பண்டிகையும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். நேபாளிகள் எல்லோரும் ஊருக்குப் போகிற நேரம் என்பதால் பஸ், விமானம் எல்லாம் நிரம்பிவிடும். கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டிலிருந்து கிளம்புவதில்லை. ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்துதான் கிளம்பும். நள்ளிரவு ஒன்றரை மணிக்கு வேனில் ஏறி நான்கைந்து மணி நேரம் மலைச்சாலையில் குலுங்க வேண்டும். வாந்தி மாத்திரை இல்லாமல் ஏறாதீர்கள்.

என்னைக் கேட்டால் நவம்பர் 5 முதல் 25 வரை. என் இரண்டாம் பயணத்தில் பன்னிரண்டு நாளும் மேகம் என்பதே இல்லை. கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. விலை என்னவென்றால் குளிர். பேஸ் கேம்ப்புக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பில், 5,100 மீட்டருக்கு மேலே, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி வரை போனது. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் ஓர் அடுப்பு, அதில் காய்ந்த யாக் சாணம் எரியும். ஏழரை மணிக்கு அது அணைந்துவிட்டால் படுக்கைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. போன், பேட்டரி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தூக்கப் பைக்குள் கூடவே படுக்கவைக்க வேண்டும். காலையில் கழிப்பறை வாளியில் மேலே ஒரு விரற்கடை பனிக்கட்டி. மக்கால் குத்தி உடைத்துத்தான் தண்ணீர் எடுத்தேன். காற்று வறண்டிருப்பதால் இருமல் வேறு. அதற்கு அந்தப் பகுதியின் பெயராலேயே 'கும்பு இருமல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் வந்து மூன்று வாரம் இருமினேன்.

(ஒரு வேடிக்கை. நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்று அழைப்பார்கள், உச்சரிப்பில் 'த' கொஞ்சம் தடித்திருக்கும். மீசைக்கார வழிகாட்டியை நாள் முழுக்கத் 'தாய், தாய்' என்று கூப்பிட எனக்கு இரண்டு நாள் பிடித்தது.)

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் இன்னும் தெளிவு, ஆனால் மேலே பல விடுதிகள் பூட்டியிருக்கும். வழியில் உள்ள பெரிச்சேயில் உயர நோய்க்கென்று நடக்கும் மருத்துவ முகாமும் அக்டோபர்–நவம்பர், வசந்தம் என்ற இரண்டு பருவங்களில்தான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் காற்றழுத்தமும் சற்றுக் குறைவு, அதே உயரம் உடம்புக்கு இன்னும் கொஞ்சம் உயரமாகவே தெரியும். முதல் முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

மார்ச் முதல் மே வரை வசந்தம். மார்ச் தொடக்கத்தில் குளிர் மிச்சமிருக்கும். ஏப்ரலில் லாலிகுராஸ் பூக்கும், நேபாளத்தின் தேசிய மலர். தெங்போச்சே மடத்துக்கு ஏறும் காட்டில் செடி இல்லை, மரமே சிவந்து நிற்கும் என்று என் அக்கா வந்து சொன்னாள். அவள் போனது ஏப்ரல் மூன்றாம் வாரம். நான் பார்க்காததை அவள் பார்த்தாள்: பேஸ் கேம்ப்பில் நூற்றுக்கணக்கான மஞ்சள் கூடாரங்கள். எவரெஸ்ட் உச்சிக்கு ஏறுபவர்கள் மே நடுவில், உச்சியில் வீசும் கடும் உயர்காற்று வடக்கே நகரும் சில நாளுக்காக அங்கே ஏப்ரலிலிருந்தே காத்திருப்பார்கள். நவம்பரில் நான் 5,364 மீட்டரில் பார்த்தது கற்களையும் கிழிந்த கொடிகளையும்தான். இன்னொன்று, பேஸ் கேம்ப்பிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. அதற்குக் காலாபத்தர் குன்றில் ஏற வேண்டும். இது தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

வசந்தத்தின் குறை பிற்பகல் மேகம். பதினொரு மணிக்கு மேல் திரளும், சில நாள் பனியும் தூவும். கீழ்ப்பகுதிகளில் காட்டுத்தீப் புகையும் தூசியும் சேர்ந்து தூரத்து மலைகள் மங்கலாகத் தெரியும். நவம்பர் படங்களின் கூர்மை ஏப்ரல் படங்களில் வராது. ஆனால் நாம்சேயில் பகலில் ஒரு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குளிர் ஒத்துக்கொள்ளாதவரோடு போகிறீர்கள் என்பதால் எனக்குப் பிடித்த நவம்பரை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 10க்கும் மே 5க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் போதாது. லுக்லாவிலிருந்து போய்த் திரும்பவே பன்னிரண்டு நாள், மதுரை–காத்மாண்டு போக்குவரத்து மூன்று நாள், அதிலேயே முடிந்துவிட்டது. இன்னும் மூன்று நாள் கேட்டு வாங்குங்கள், வார இறுதிகளை ஒட்டிப் போட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தெங்போச்சே வரை மட்டும் போய்த் திரும்புங்கள். 3,860 மீட்டர், எவரெஸ்ட் அங்கிருந்தே தெரியும், உங்கள் மனைவிக்கும் அந்தக் குளிர் தாங்கும். மேலே போவதானால் காலாபத்தருக்கு அதிகாலை நாலரைக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இருக்கும் ஓய்வு நாள்களில் மட்டும் விமானம் எத்தனை நாள் தாமதமானாலும் கைவைக்காதீர்கள்.