மார்ச்சில் பிறந்தவர்கள் அக்வாமரைன் என்கிற நீலக் கல்லை வாங்கலாமா? அது உண்மையிலேயே விலைமதிப்புள்ள கல்லா?

வாங்கலாம். ஆனால் மார்ச்சில் பிறந்த ஒரே காரணத்துக்காக வாங்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு கல் என்று கடைகளில் தொங்கும் பட்டியல், 1912இல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் கூடிப் போட்டது. 2016இல்கூட ஆகஸ்ட் மாதத்துக்கு ஸ்பைனல் என்கிற கல்லைப் புதிதாகச் சேர்த்தார்கள். அக்வாமரைன் மாலுமிகளைக் கடலில் காக்கும் என்று ஐரோப்பாவில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நம் நவரத்தினத்திலோ இதற்கு இடமே இல்லை, உடன்பிறப்பான மரகதத்துக்குத்தான் இருக்கிறது.

உடன்பிறப்பு என்றால் நிஜமாகவே அப்படித்தான். இரண்டும் பெரில் என்கிற ஒரே கனிமம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்தது. சுத்தமான பெரிலுக்கு நிறம் கிடையாது. துளி குரோமியமோ வனேடியமோ புகுந்தால் மரகதம், இரும்பு புகுந்தால் அக்வாமரைன். அந்த இரும்பும் ஒரு நிலையில் நீலம் தரும், இன்னொரு நிலையில் மஞ்சள் தரும். இரண்டும் கலந்தால் பச்சை ஓடிய நீலம். சுமார் 400 முதல் 450 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் மஞ்சள் விலகி நீலம் நிற்கும். கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை சூடு கண்ட கற்கள்தான். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன், அந்த நீலம் பிறகு மங்குவதில்லை. சூடாக்கியதா இல்லையா என்று ஆய்வகத்திலேயே பெரும்பாலும் சொல்ல முடியாது. எனவே "சூடு காட்டாத கல் சார்" என்று கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

விலையைத் தீர்மானிப்பது நிறம். ஆழ்ந்த நீலத்துக்கு நல்ல விலை உண்டு, தண்ணீர் போல வெளிறியது மலிவு. சின்னக் கற்கள் பெரும்பாலும் வெளிறித்தான் தெரியும். பெரிய படிகங்கள் தாராளமாகக் கிடைப்பதால் மாணிக்கம்போல எடை கூடக் கூட கேரட் விலை எகிறிவிடாது. பிரேசிலில் கிடைத்து இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'டோம் பெட்ரோ' என்கிற அக்வாமரைன் 10,363 கேரட், அதாவது 2 கிலோவுக்கு மேல்!

எனக்கு இந்தக் கல் பிடித்துப்போனதற்குக் காரணம் கொங்கு நாடு. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் கிடைத்தது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வுகளில் கல்மணிப் பட்டறைகளே வெளிப்பட்டன. மூலக்கல், பாதி வேலை முடிந்த மணி, துளையிட்ட மணி எல்லாம் அங்கேயே கிடந்தன. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். இந்தப் பகுதிக் கற்கள் மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாக ரோம் வரை போயின. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, பெரில் பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது, கடல் பச்சை நிறத்தில் இருப்பதே உயர்ந்தது என்று எழுதினார். கூடவே, இந்தியர்கள் படிகக்கல்லுக்குச் சாயம் ஏற்றிப் போலி பெரில் செய்கிறார்கள் என்றும் போட்டுக்கொடுத்துவிட்டார்.

அந்தத் தொழில் இன்னும் நிற்கவில்லை, சரக்குதான் மாறியிருக்கிறது. இப்போது அக்வாமரைன் என்ற பெயரில் அடிக்கடி கைமாறும் போலி, நீலப் புஷ்பராகம் (புளூ டோபாஸ்). நிறமில்லாத புஷ்பராகத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, சூடாக்கி நீலமாக்குகிறார்கள். விலை மிகக் குறைவு. என் உறவினர் ஒருவருக்கு ஒரு கடையில் இதைத்தான் தலையில் கட்டினார்கள். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், எடையில் மாட்டிக்கொள்ளும். அக்வாமரைனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம், புஷ்பராகத்துக்குச் சுமார் 3.5 கிராம். நகையில் பதித்துவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய வழியில்லை. அதனால் கல்லைத் தனியாக வாங்கி, ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் சான்றிதழ் எடுத்த பிறகு ஆசாரியிடம் கொடுங்கள்.